வ.உ.சி. கட்டுரைக்கு எந்தச் சான்று எங்கே பொருந்தும்?

தமிழ் விக்கிப்பீடியாவில் வ. உ. சிதம்பரனாரின் வாழ்க்கை வரலாற்றைச் செம்மைப்படுத்த முற்படும் நெல்லைச் சீமைக்காரருக்கு ஆதாரப் பஞ்சம் இல்லை; எந்த ஆதாரத்தை எந்த இடத்தில் நிறுத்துவது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. அவரே செய்யுளாக எழுதிய சுயசரிதை, 1908ஆம் ஆண்டு அவர்மீது நடந்த ராஜத்துரோக வழக்கின் தீர்ப்பு, அக்காலப் பத்திரிகைகள், இக்கால நாளிதழ்களின் பிறந்தநாள் கட்டுரைகள், விழா மலர்கள், ஆய்வு நூல்கள் என எல்லாமே கிடைக்கின்றன. ஒரே வரிக்கு இவற்றுள் இரண்டு மூன்று போட்டியிடும்போது எதை எடுப்பது என்பதைத் தொகுப்பவரே முடிவு செய்தாக வேண்டும்.

அதற்கு முன் வேலை செய்யும் முறையிலேயே ஒரு தேர்வு இருக்கிறது. ‘மேற்கோள் தேவை’ என்ற குறிப்பு ஒட்டியிருக்கும் வரிகளுக்கு இணையத்தில் தேடி ஒவ்வோர் இணைப்பாகச் சேர்த்துக்கொண்டு போவது ஒரு முறை. நல்ல நூல்கள் இரண்டை முன்னால் வைத்துக்கொண்டு, மணல்தொட்டியில் (விக்கிப்பீடியாவில் வரைவு எழுதிப் பார்க்கும் பக்கம்) ஒவ்வொரு பிரிவையும் புதிதாக எழுதி, பிறகு கட்டுரைக்கு மாற்றுவது இன்னொரு முறை. முதல் முறையில் ஒரு மாலைப் பொழுதிலேயே மேற்கோள் பட்டியல் நீண்டுவிடும். ஆனால் வரி முன்னே இருந்து, அதற்கேற்ற சான்று பின்னே தேடப்படுவதால், தேடுபவர் அந்த வரியை ஆமோதிக்கும் பக்கம் ஒன்றைக் கண்டதும் நின்றுவிடுகிறார். மறுக்கும் நூல் அவர் கண்ணில் படுவதே இல்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து, கண்டெடுத்த பக்கமே விக்கிப்பீடியாவைப் பார்த்து எழுதப்பட்டதாக இருப்பது. செப்டம்பர் 5 வந்தால் வ.உ.சி.யைப் பற்றிய சிறு கட்டுரைகள் வரிசையாக வெளியாகின்றன. அவற்றுள் அவசரமாக எழுதப்பட்ட ஒன்றைச் சான்றாக்கினால், விக்கிக் கட்டுரை தன் வாக்குமூலத்துக்குத் தன்னையே சாட்சியாக அழைத்துக்கொண்டதாகிவிடும். விக்கிக் கட்டுரையின் திருத்தங்களை நாள்வாரியாகக் காட்டும் ‘வரலாற்றைக் காட்டவும்’ பக்கத்தில் அந்த வரி சேர்க்கப்பட்ட நாளைப் பார்த்து, நாளிதழ்க் கட்டுரையின் தேதியோடு ஒப்பிட்டாலே எது முந்தியது என்று தெரிந்துவிடும். சில நிமிடங்களில் முடிகிற இந்தச் சோதனையைப் பலர் செய்வதில்லை என்பதுதான் வருத்தம்.

இரண்டாம் முறை மெதுவானது. பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகம் போன்ற ஓரிடத்தில் உட்கார்ந்து குறிப்பெடுக்க வேண்டும். பழைய வரிகளை எழுதியவர்கள் மனத்தாங்கல் கொள்ளாதபடி உரையாடல் பக்கத்தில் காரணங்களை முன்கூட்டியே சொல்ல வேண்டும். இருந்தும், இவ்வளவு எழுதப்பட்ட ஒரு மனிதரைப் பொறுத்தவரை இதுவே சரியான வழி என்பது என் கருத்து.

சான்றுகளுக்குள் உண்மையான போட்டி சுயசரிதைக்கும் நீதிமன்ற ஆவணத்துக்கும் இடையில்தான். ஒட்டப்பிடாரத்து இளமைக்காலம், வழக்கறிஞர் தொழிலுக்கு வந்த விதம், சிறையில் பட்ட பாடு ஆகியவற்றுக்குச் சுயசரிதையை விட நெருக்கமான சான்று கிடையாது. ஆசிரியர் 1936இல் காலமாகிவிட்டதால், இந்தியச் சட்டப்படி அறுபது ஆண்டுகள் கழிந்து அதன் காப்புரிமையும் முடிந்துவிட்டது, எடுத்தாளத் தடையில்லை. ஆனால் தம்மை எதிர்த்தவர்களின் உள்நோக்கம் பற்றி ஒருவர் தம் சுயசரிதையில் சொல்வதைக் கலைக்களஞ்சியம் தன் சொந்தக் குரலில் திருப்பிச் சொல்லக் கூடாது. ‘என்று அவர் குறிப்பிடுகிறார்’ என எழுதியவர் தலையிலேயே அதை வைக்க வேண்டும்.

தீர்ப்பின் வலிமையும் குறையும் இதற்கு நேர்மாறானவை. 1908 மார்ச் 12ஆம் நாள் கைதும், மறுநாள் திருநெல்வேலியில் வெடித்த எழுச்சியும், ஜூலை 7ஆம் நாள் நீதிபதி பின்ஹே அளித்த தண்டனையும் நாள் பிசகாமல் வேண்டுமானால் ஆவணத்திடம்தான் போக வேண்டும். அதே ஆவணம் குற்றம் சாட்டிய அரசின் பார்வையில் எழுதப்பட்டது. அதில் வரும் குணச்சித்திரத்தைத் தகவலாக எடுத்துக்கொள்ள முடியாது. இன்னொரு கவனமும் தேவை. தீர்ப்பு விதித்தவை இரண்டு ஆயுள்கால நாடுகடத்தல் தண்டனைகள். ஓர் ஆயுளுக்கு இருபது ஆண்டு என்று கணக்கிட்டு ‘நாற்பது ஆண்டுச் சிறை’ என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. தண்டனை மேல்முறையீட்டில் குறைக்கப்பட்டு, அவர் 1912ஆம் ஆண்டின் இறுதியில் விடுதலையானார். கட்டுரையில் ‘நாற்பது’ மட்டும் நின்றால், அவ்வளவு காலமும் அவர் சிறையில் இருந்ததாகப் பள்ளிப் பிள்ளைகள் படித்துக்கொள்வார்கள்.

ஆவணங்களை நாமே படித்து முடிவு சொன்னால் அது சொந்த ஆய்வாகிவிடும். விக்கிப்பீடியா அதை ஏற்காது. இந்த இடத்தில்தான் ஆய்வு நூல் முந்துகிறது. 2024ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’ அந்த ஓராண்டையே களமாகக் கொண்டிருப்பதால், எழுச்சியைப் பற்றிய பிரிவுக்கு அதை முதற்சான்றாக்கலாம். ஆனால் கட்டுரை முழுவதும் ஒரே நூலின் சுருக்கமாகிவிடக் கூடாது என்பதற்காகவாவது மற்றோர் ஆசிரியரையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

பாரதியின் ‘இந்தியா’, சுதேசமித்திரன் ஆகியவற்றின் பழைய இதழ்கள் அன்று என்ன பேசப்பட்டது என்பதைக் காட்டும். நடந்தது அதுதானா என்பதற்கு அவை மட்டும் போதா; பாரதி இவருடைய நண்பர் என்பதையும் மறந்துவிடக் கூடாது. விழா மலர்களும் சாதிச் சங்க மலர்களும் உறவுமுறைக்கும் பழைய புகைப்படத்துக்கும் உதவலாம். அவற்றின் அடைமொழிகளை அங்கேயே விட்டுவிட வேண்டும்.

நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. ஒட்டப்பிடாரம் திருநெல்வேலி மாவட்டம் என்று பழைய நூலும், தூத்துக்குடி மாவட்டம் என்று புதிய பக்கமும் சொல்லும். தொகுப்பவர்கள் மாற்றி மாற்றித் திருத்திக்கொண்டிருப்பார்கள். தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986இல், வ.உ.சி. பிறந்தது 1872இல். ‘அன்றைய திருநெல்வேலி மாவட்டம், இன்றைய தூத்துக்குடி மாவட்டம்’ என்று இரண்டையும் எழுதிவிட்டால் சான்றுகளுக்குள் சண்டையே இல்லை.

எந்தச் சான்றைத் தேர்ந்தாலும் நூற்பெயரோடு நிறுத்திவிடக் கூடாது. பாளையங்கோட்டையில் ஒருவர் பார்த்த பதிப்பும் அம்பாசமுத்திரத்தில் இன்னொருவர் கையில் இருக்கும் பதிப்பும் வெவ்வேறாக இருந்தால் பக்க எண்கள் ஒத்துவரா. ஆகவே பதிப்பகம், பதிப்பாண்டு, பக்க எண் மூன்றையும் தருவதோடு, சுயசரிதையாக இருந்தால் செய்யுளின் தொடக்க அடியையும் குறித்துவிட்டால், சரிபார்ப்பவர் எந்தப் பதிப்பிலும் அந்த இடத்தைக் கண்டுபிடித்துக்கொள்வார்.