வாஷர் ஸ்பிண்டிலா, செராமிக் கார்ட்ரிட்ஜா? போர் தண்ணீர் வீட்டுக்கு எது?

சமையலறைக் குழாயும் துணி துவைக்கிற இடத்துக் குழாயும் சேர்ந்தாற்போல் சொட்ட ஆரம்பித்ததால், உள்ளே எதைப் போடுவது என்று யோசிக்க வேண்டியதாயிற்று. ஒன்று, மூன்று நான்கு சுற்றுச் சுற்றித் திறக்கிற பழைய ரப்பர் வாஷர் ஸ்பிண்டில், அதாவது அடியில் ரப்பர் வாஷர் மாட்டிய தண்டு. இன்னொன்று, கால் சுற்றில் திறக்கிற செராமிக் கார்ட்ரிட்ஜ். நான் துவைக்கிற இடத்துக்கு வாஷரும் சமையலறைக்குச் செராமிக்கும் போட்டேன். இன்று கேட்டால் இரண்டுக்குமே வாஷர் என்பேன்.

செராமிக்கின் சௌகரியத்தை மறுக்க முடியாது. ஈரக் கையாலும் லேசாகத் திருப்பலாம், வயதானவர்களுக்குச் சுலபம், பார்க்கவும் அழகு. நல்ல தண்ணீர் வரும் வீடு என்றால் யோசிக்காமல் அதையே போடலாம்.

எங்களுக்கு வருவது போர் தண்ணீர். பிரச்சினை அங்கேதான். செராமிக் கார்ட்ரிட்ஜுக்குள் கண்ணாடி போல வழவழப்பாகத் தேய்த்த இரண்டு தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும். அவற்றின் துளைகள் நேருக்கு நேர் வந்தால் தண்ணீர் வரும், விலகினால் நிற்கும். நடுவில் பொடி மணல் சிக்கினால் தட்டில் கீறல் விழும். உப்புப் படிந்தால் கைப்பிடி இறுகும். இறுகியதை நாம் முறுக்க, கார்ட்ரிட்ஜ் தண்டின் பல்லைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கைப்பிடி உள்ளுக்குள் தேய்ந்து வெறுமனே சுற்றும். உப்பை வினிகரில் ஊறவைத்துக் கரைக்கலாம், கீறலுக்கு வைத்தியம் கிடையாது. கார்ட்ரிட்ஜையே மாற்ற வேண்டும்.

அதை வாங்குவதும் லேசில்லை. பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டுபோக வேண்டும். மரையின் அளவு, மொத்த நீளம், கைப்பிடி உட்காரும் இடத்தில் எத்தனை பல், திறப்பது வலமா இடமா என நான்கும் ஒத்துப்போக வேண்டும். பல் ஒன்று கூடினாலும் பழைய கைப்பிடி ஏறாது. சரியான நீளம் இல்லையென்றால் குழாயை இறுக்கி மூடினாலும் சொட்டும். அந்த மாடலைக் கம்பெனி நிறுத்திவிட்டால் குழாயையே மாற்றுவதுதான் வழி.

வாஷர் ஸ்பிண்டிலில் தேய்வது பெரும்பாலும் அடியில் இருக்கும் ரப்பர் மட்டும்தான். சில ரூபாய்க்குத் தெருமுனைக் கடையிலேயே கிடைக்கும். குழாய்க்குத் தண்ணீர் வருவதை நிறுத்தும் கேட் வால்வை மூடி, ஸ்பிண்டிலைக் கழற்றி, பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டால் வேலை முடிந்தது. பிளம்பருக்காகக் காத்திருக்க வேண்டாம். மேல்தொட்டி அதிக உயரத்தில் இல்லாத வீட்டில் இன்னொரு லாபமும் உண்டு: வாஷர் குழாயை நன்றாகத் திறந்தால் வழி அகலம், வாளி சீக்கிரம் நிறையும்.

குறை இல்லாமல் இல்லை. சொட்டுகிறதே என்று ஓங்கி இறுக்குகிறவர்கள் வீட்டில் ரப்பர் நாளாவட்டத்தில் நசுங்கிப்போகும். ரப்பர் போய் உட்காரும் பித்தளை விளிம்பு அரித்திருந்தால், புது வாஷர் போட்டும் சொட்டும். விளிம்பில் விரல் வைத்துப் பாருங்கள், சொரசொரப்பாக இருந்தால் தெரிந்துவிடும். அப்புறம், தண்ணீர் குழாய் வாயில் சொட்டாமல் கைப்பிடிக்கு அடியில் கசிந்தால் தப்பு வாஷரில் இல்லை, தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் வளையமான ஓ-ரிங்கில். செராமிக்கிலும் அப்படித்தான்.

வெந்நீரையும் தண்ணீரையும் கலந்து தரும் ஒற்றைக் கைப்பிடி மிக்சர் குழாய் பற்றி நான் அதிகம் பேச முடியாது. அதன் கார்ட்ரிட்ஜில் 35, 40 மில்லிமீட்டர் இரண்டும் பரவலாக உண்டு, அளந்து வாங்க வேண்டும். ஒரே ஒன்றுதான் மாற்றியிருக்கிறேன். போர் தண்ணீரில் எத்தனை வருடம் தாங்கும் என்று சொல்லுமளவுக்கு அது இன்னும் ஓடவில்லை.