மேனேஜரா, பிரின்சிபல் இன்ஜினியரா? பயான் லெப்பாஸில் பத்து வருடம் ஆனவர்களுக்கு

பினாங்கின் பயான் லெப்பாஸ் சிப் ஆலைகளில் எட்டு, பத்து வருடம் ஓட்டிய இன்ஜினியரிடம் மேலதிகாரி ஒரு நாள் கேட்டே தீருவார்: "அடுத்து டீமைப் பார்த்துக்கிறீங்களா, டெக்னிக்கல் பக்கமே இருக்கீங்களா?" பெரிய பன்னாட்டு நிறுவனங்களில் பெரும்பாலும் இரண்டு வழி உண்டு. ஒன்றில் மேனேஜர், சீனியர் மேனேஜர், டைரக்டர். இன்னொன்றில், டெக்னிக்கல் பக்கமே நின்று மேலே போகும் ஸ்டாஃப் இன்ஜினியர், அதற்கும் மேலே பிரின்சிபல் இன்ஜினியர். இரண்டுக்கும் கிரேடு சமம் என்று ஹெச்.ஆர். சொல்லும். ஆனால் ஒவ்வொரு வழியும் எவ்வளவு தூரம் போகும் என்பதை உங்கள் ஆலையில் நடக்கும் வேலைதான் தீர்மானிக்கிறது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

வேலை எப்படி மாறுகிறது என்று பார்ப்போம். சிப்பைச் சோதிக்கும் ஒரு டெஸ்டரில் திடீரென்று யீல்டு, அதாவது தேறும் சிப்புகளின் விகிதம், விழுகிறது. டெக்னிக்கல் ஆள் முதலில் தரவைப் பிரித்துப் போடுவார். ஒரே நேரத்தில் எட்டு சிப்பைச் சோதிக்கும் இயந்திரத்தில் தோல்வியெல்லாம் சிப்பைப் பொருத்தும் ஒரே சாக்கெட்டில் குவிந்தால் சந்தேகம் சிப் மீது போகாது, சாக்கெட் மீதுதான் போகும். சாக்கெட்டின் ஊசிமுனைகளில் ஈயப் பிசுக்கு படிந்தால் மின்தடை கூடி, நல்ல சிப்பும் தோற்றதாகக் காட்டும்; மறுசோதனையில் தேறிவிடும். எட்டிலும் பரவலாக விழுந்தால் டெஸ்ட் புரோகிராமையோ, அந்தச் சிப்புகள் வந்த தொகுதியான லாட்டையோ பார்க்க வேண்டும். அதே நேரத்தில் மேனேஜர் எந்த லாட்டை நிறுத்துவது, வாடிக்கையாளரிடம் இன்றே சொல்வதா, ராத்திரி ஷிஃப்டில் யாரை வைப்பது என்று முடிவெடுத்துக்கொண்டிருப்பார். இந்த இரண்டில் எதைச் செய்யும்போது உங்களுக்குப் பசி மறக்கிறது? விடை அதிலேயே பாதி கிடைத்துவிடும்.

மீதிப் பாதிக்குக் கொஞ்சம் வரலாறு வேண்டும். 1972-இல் இங்கே சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்கியது. அதே ஆண்டு இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையைப் பினாங்கில் அமைத்தது. அன்று வந்த வேலை பொருத்துவதும் சோதிப்பதும். எப்படிச் செய்வது என்ற முடிவு அமெரிக்காவில் எடுக்கப்பட்டது. குறித்த நேரத்தில் குறையில்லாமல் செய்து முடிப்பது நம் பொறுப்பு. அப்படிப்பட்ட இடத்தில் மேலே போக நிர்வாகம்தான் வழி. வடிவமைப்பு வேலை இங்கே வேரூன்றியது பிறகுதான். ஆகவே உங்கள் ஆலை இன்றும் உற்பத்தி மட்டும் செய்கிறதென்றால் மேனேஜர் பாதையையே நான் சொல்வேன். டெக்னிக்கல் பக்கம் ஸ்டாஃப் இன்ஜினியரோடு நின்றுவிட வாய்ப்பு அதிகம். டிசைன், வேலிடேஷன் (வடிவமைப்பைச் சரிபார்ப்பது), டெஸ்ட் புரோகிராம் உருவாக்கம் ஆகியவற்றில் கடைசி முடிவு பினாங்கிலேயே எடுக்கப்படுகிறதென்றால், தயங்காமல் டெக்னிக்கல் பக்கம் நில்லுங்கள்.

அந்தப் பக்கம் போனால் தலைமைப் பொறுப்பு இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பிரின்சிபல் இன்ஜினியருக்குக் கீழே ஆள் இருக்க மாட்டார்கள். ஆனால் நாலு டீம் அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். அமெரிக்க டீமோடும் அழைப்பில் பேச வேண்டும்; கோடைகாலத்தில் அங்கே ஒரிகனில் காலை ஏழு மணி என்றால் நமக்கு இரவு பத்து. அந்த அழைப்பில் மூத்தவர்கள் பேசட்டும் என்று வாய் திறக்காமல் இருக்கும் நம் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. வேலை தெரிந்தவர்கள் அவர்கள்தான். பேசக் கூச்சமா? கூட்டத்துக்கு முந்தின நாளே ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பிவிடுங்கள்: பிரச்சினை இது, பார்த்த தரவு இது, என் பரிந்துரை இது. எழுதினவர் கருத்தை ஒட்டித்தான் பேச்சு நகரும்.

மேனேஜர் பதவியைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. தைப்பூசத்துக்கு லீவு கேட்டு ஷிஃப்டில் பாதிப் பேர் நிற்பார்கள். இயந்திரமோ இருபத்து நாலு மணி நேரமும் ஓட வேண்டும். சீனப் பெருநாளுக்கு விட்டுக்கொடுத்தது யார், நோன்புப் பெருநாளுக்கு வேலை பார்த்தது யார் என்று நினைவில் வைத்து, ஒருவர் மனமும் நோகாமல் பட்டியல் போடுவது பெரிய திறமை. தோட்டத்திலிருந்து படித்து வந்த டெக்னீஷியனை டிகிரி முடிக்கத் தூண்டி, அவர் பெயரைப் பதவி உயர்வுக் கூட்டத்தில் விடாமல் சொல்லும் மேனேஜரால் ஒரு குடும்பத்தின் நிலையே மாறும். இந்த வேலைக்காக அந்த நாற்காலியில் உட்காருங்கள். "மேனேஜர் ஆயிட்டானா?" என்று கல்யாண வீட்டில் கேட்கும் சொந்தக்காரர்களுக்காக உட்கார வேண்டாம்.

ஆள்குறைப்பு என்று வந்தால் எது பத்திரம்? முன்பெல்லாம் மேனேஜர் என்பார்கள். மூவாரில் பிறந்த லிப்-பூ டான் 2025 மார்ச்சில் இன்டெலின் தலைமைச் செயல் அதிகாரியானார். சில மாதங்களிலேயே நிர்வாக அடுக்குகளை ஏறக்குறைய பாதியாகக் குறைத்ததாக அவரே அறிவித்தார். இடைநிலை மேனேஜர் நாற்காலியை அரண் என்று நம்ப முடியாது. இன்னொன்று: மலேசியாவில் சட்டப்படியான ஆள்குறைப்பு இழப்பீடு மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குபவர்களுக்குத் தானாகக் கிடைக்காது. இரண்டு பாதையிலும் நீங்கள் அந்த வரம்பைத் தாண்டியிருப்பீர்கள். உங்கள் வேலை ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்று இப்போதே எடுத்துப் படியுங்கள்.

கோலாலம்பூருக்குப் போய் வங்கியிலோ மென்பொருள் நிறுவனத்திலோ டெக் லீட் ஆவதும் ஒரு வழி. பாதி நேரம் கோட், பாதி நேரம் ஆட்கள். மென்பொருள்காரர்களுக்கு நல்லது. டெஸ்டரும், சிப் உருவாகும் வேஃபர் தட்டும் பழகின கைக்குப் பினாங்கிலும் பக்கத்துக் கெடாவின் கூலிமிலும்தான் மதிப்பு.

முடிவெடுக்கும் முன் மேலதிகாரியிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். இந்த ஆலையில் இப்போது எத்தனை பிரின்சிபல் இன்ஜினியர்கள் இருக்கிறார்கள்? மேனேஜராகிப் பிறகு டெக்னிக்கல் பக்கம் திரும்பியவர் யாராவது உண்டா? முதல் கேள்விக்கு "ஒருவரும் இல்லை" என்று பதில் வந்தால், டெக்னிக்கல் ஆசை உள்ளவர் பக்கத்துத் தெரு நிறுவனத்தில் விசாரிப்பது மேல். விலகியபின் போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்தாலும், 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆவது பிரிவுப்படி அந்தத் தடை பொதுவாகச் செல்லாது. ரகசியம் காக்கும் கடமை மட்டும் உங்களோடு வரும். நிறுவனத்தின் ஒரு ஃபைலைக்கூட எடுத்துப் போகாதீர்கள்.