காலை 5 மணி யாருக்கு?

போன வருஷம் ஒரு நாள், இயேசுவுக்கு விருந்து வைக்க ஓடியாடிய மார்த்தாள், அவர் பாதத்தில் உட்கார்ந்து கேட்ட மரியாள் என்ற அக்கா தங்கை கதையைத் தேடி, பைபிளில் லூக்கா 10ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். பக்கங்களுக்கு நடுவே ஒரு துண்டுச்சீட்டு: ‘நாட்டுக்கோழி 1, ரூ.650, பாக்கி.’ சபையார் கொண்டுவரும் காணிக்கைப் பொருட்களை ஏலம் விடும் அறுப்பின் பண்டிகையின் முந்தின வருஷத்துக் கணக்கு, என் கையெழுத்து. செருகி வைத்த நாளிலிருந்து அந்தப் பக்கத்தை நான் திறக்கவே இல்லை. சபை வேலை என் தனி ஜெபத்தையும் வாசிப்பையும் விழுங்கியிருந்தது.

அப்போது நான் சபைச் செயலாளர், பாடகர் குழுவில் ஒருவன், ஓய்வுநாள் பள்ளி (சண்டே ஸ்கூல்) ஆசிரியன். கிருஷ்ணகிரிப் பக்கம் இது அதிசயமில்லை. எலத்தகிரி, கோவிலூர் போலக் கத்தோலிக்கர் நிறைந்த ஊர் என்றால் கைகள் நிறைய இருக்கும். எங்களைப் போன்ற சின்னச் சபையில் பாடுவதும் அதே பத்துப் பேர், பெஞ்சு தூக்குவதும் அதே பத்துப் பேர். “நீ இல்லாட்டி யாரு தம்பி?” என்று ஒரு பெரியவர் கேட்டால் தலையாட்டத்தான் தோன்றும்.

சபை வேலையே முதல் என்கிற வழியை இளக்காரமாகப் பேச மாட்டேன். கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்று பைபிளில் யாக்கோபே எழுதிவிட்டார். ஜெபிக்க மனசே வராத வாரத்திலும் பொறுப்பு என்னைக் கோயிலுக்கு இழுத்துப் போயிருக்கிறது. ஆனால் அதன் விலை மெதுவாகத்தான் தெரியும். ஒரு வசனத்தைப் படித்தால், ‘இதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லலாம்?’ என்றுதான் யோசனை போகும். எனக்கு அது என்ன சொல்கிறது என்ற கேள்வியே எழாது. ஜெபத்தில் கண்ணை மூடினால் மைக் இரைச்சல்தான் காதில் விழும். பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில் எபேசு சபைக்கு வந்த கடிதம் இதனால்தான் என்னைப் பயமுறுத்துகிறது. உழைப்பு, பொறுமை எல்லாவற்றுக்கும் பாராட்டு. அப்புறம் ஒரே ஒரு குறை: ஆதியில் இருந்த அன்பை விட்டுவிட்டாய்.

சரி, எல்லாவற்றையும் விட்டுவிட்டால்? ஈஸ்டருக்கு முந்தின ஒரு லெந்து காலத்தில் அதையும் செய்து பார்த்தேன். மிச்சமான நேரம் ஜெபத்துக்குப் போகவில்லை, செல்போனுக்குப் போனது. ஓசூரில் ஷிப்ட் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் ‘நானும் ஆண்டவரும் போதும்’ என்று ஒதுங்கினார். இப்போது ஞாயிற்றுக்கிழமை படுத்தபடியே யூடியூபில் பிரசங்கம் கேட்கிறார், பாதியில் தூங்கியும் விடுகிறார்.

மூன்றாவது வழி மாற்கு முதல் அதிகாரத்தில் இருக்கிறது. சாயங்காலம் ஊரே நோயாளிகளோடு இயேசு இருந்த வீட்டு வாசலில் கூடி நின்றது. மறுநாள் இருட்டோடே இயேசு எழுந்து தனியே ஜெபிக்கப் போனார். எல்லோரும் உம்மைத் தேடுகிறார்கள் என்று சீடர் சீமோன் பின்னாலேயே வருகிறார். நான் பார்த்த பிரசங்கியார்கள் இங்கே நிறுத்தி, சீக்கிரம் எழுந்திருங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அடுத்த வரிதான் முக்கியம்: அவர் அந்த வாசலுக்குத் திரும்பவில்லை, அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்றார். எதற்கு ‘சரி’ சொல்வது, எதற்கு ‘மாட்டேன்’ சொல்வது என்பதை அந்த இருட்டு நேரம்தான் தீர்மானித்தது. என் ஓட்டு இதற்கே.

மார்த்தாளுக்கும் நாம் அநியாயம் செய்கிறோம். இயேசுவின் கண்டிப்பு சமையலுக்கு இல்லை, கவலைப்பட்டுக் கலங்கியதற்கு. யோவான் 12இல் அவள் மறுபடியும் பணிவிடை செய்கிறாள். முணுமுணுப்பு மட்டும் காணோம்.

இரவில் தியானம் எனக்குச் சரிப்படவில்லை. கமிட்டி முடிந்து வந்தால் பைபிளின் சங்கீதப் புத்தகத்தின் மேலேயே தலை சாய்ந்துவிடும். குடும்ப ஜெபம் நல்லதுதான், ஆனால் அது தனி ஜெபத்துக்கு ஈடாகாது. ஆக, காலை 5 மணி. ஜனவரிக் குளிரில் போர்வையோடுதான்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டேன். “உடம்பு சரியில்லையா தம்பி?” என்றார் அதே பெரியவர். வேறு காரணம் இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. கணக்கு நோட்டை, படிப்பு முடித்து வீட்டிலிருந்த ஒரு தங்கச்சி வாங்கிக்கொண்டாள். இரண்டே வாரத்தில் கோழிப் பாக்கி 650 ரூபாயையும் வசூலித்துவிட்டாள்.