வெண்ணெய் மாதிரி டிரிகர் என்று சொல்லி விற்றால் உஷார்

டிரிகரை இழுத்தாலே ஹேமர் (தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியல்) தானாக ஏறி அடிக்கும் பழைய டபுள் ஆக்‌ஷன் ரிவால்வர் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். நான் ஏமாந்தது டிரிகரின் மென்மையைப் பார்த்துத்தான்.

இலக்குப் பயிற்சிக்கு 357 மேக்னம் என்ற பலமான தோட்டாவைச் சுடும் ரிவால்வர் ஒன்று தேடிக்கொண்டிருந்தேன். மனதில் மூன்று இருந்தன. ரூகர் ஜிபி100 டிரிகர் புதிதில் கொஞ்சம் முரடு, ஆனால் உடம்பு இரும்புத் தூண். கோல்ட் பைத்தானின் பழைய மாடல்கள் இழுக்க அழகு, கடைசியில் மட்டும் இழுவை கனத்துக்கொண்டே போகும். நிறையச் சுட்டால் டைமிங், அதாவது தோட்டா அறைகள் உள்ள சிலிண்டர் சுழன்று பேரலுக்கு நேராகப் பூட்டும் ஒழுங்கு, தளரும். ஸ்மித் அண்ட் வெசனின் நடுத்தர உடம்புள்ள கே ஃப்ரேம் இரண்டுக்கும் நடுவில். ஒரே குறை, 125 கிரெயின் எடைக் குண்டுள்ள மேக்னம் தோட்டாக்களை ஓயாமல் போட்டால் பேரலின் பின்வாய் விரிசல் விடும். அங்கே அடிப்பக்கம் சீவி மெல்லியதாக இருக்கும்.

விற்றவர் எடுத்து நீட்டியது இந்தக் கே ஃப்ரேம்தான். "உள்ளே பாலிஷ் போட்டது, வெண்ணெய் மாதிரி இழுக்கும்" என்றார். காலி சிலிண்டரோடு பத்து முறை இழுத்துப் பார்த்தேன். உண்மையிலேயே வெண்ணெய்தான். மயங்கிவிட்டேன்.

முதல் நாள் ரேஞ்சில் ஆறு தோட்டாவில் இரண்டு 'டிக்' என்று நின்றன. எடுத்துப் பார்த்தால் தோட்டாவின் அடியில் அடி வாங்கி வெடிக்கும் பிரைமரில் நகம் பட்ட மாதிரி ஒரு பள்ளம், அவ்வளவுதான். தோட்டா சரியில்லை என்றார் விற்றவர். வேறு தோட்டா மாற்றினேன், அதே கதை. அப்புறம் ஒரு சுடுதலில் சிலிண்டர் இடுக்கிலிருந்து ஈயத்துணுக்கு தெறித்து, பக்கத்தில் நின்ற நண்பரின் கன்னத்தில் சுருக்கென்று பட்டது. அத்தோடு நிறுத்திவிட்டேன்.

பழுதுபார்ப்பவர் கைப்பிடிக் கட்டைகளைக் கழற்றினார். முன்பக்கத்தில் மெயின் ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் சிறிய திருகு ஒன்று உண்டு. அதன் நுனியை அரத்தால் ராவியிருந்தார்கள். பாலிஷாவது ஒன்றாவது! இழுவையை அளக்கும் கேஜில் டபுள் ஆக்‌ஷன் இழுவை 7 பவுண்டு. தொழிற்சாலையிலிருந்து பெரும்பாலும் 10 முதல் 12 பவுண்டு வரை வரும். ஸ்பிரிங்கின் பலத்தைக் குறைத்தால் விரலுக்குச் சுகம்தான், ஹேமருக்குத்தான் அடிக்கத் தெம்பு இருக்காது.

அடுத்ததாக அவர் செய்துகாட்டியதை, வாங்கும் முன் நீங்களும் கட்டாயம் செய்யுங்கள். துப்பாக்கி காலிதானா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, சிலிண்டரை விரலால் லேசாகப் பிடித்துக்கொண்டு ஹேமரை மெதுவாகப் பின்னுக்கு இழுக்க வேண்டும். ஹேமர் முழுதாக நிற்பதற்குள் சிலிண்டர் பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறையையும் தனித்தனியாகப் பாருங்கள். என்னுடையதில் ஐந்து பூட்டின, ஆறாவது சோம்பேறி. அந்த அறை பேரலுக்கு நேராக நிற்காமல் குண்டு ஓரத்தில் உரசியதுதான் ஈயம் தெறித்ததற்குக் காரணம். ஹேமரை ஏற்றி நிறுத்தி, டிரிகரைத் தொடாமல் கட்டைவிரலால் முன்னால் தள்ளியும் பாருங்கள். விழுந்தால் அந்தத் துப்பாக்கியை மேசையிலேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். நல்லவேளை, என்னுடையது விழவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "வாங்கும்போது நீங்கள்தானே இழுத்துப் பார்த்தீர்கள்?" என்றார். திருகு, ஸ்பிரிங், சிலிண்டரைச் சுற்றும் கொக்கி மூன்றையும் என் செலவில் மாற்றினேன். இப்போது இழுவை 11 பவுண்டு, ஆறும் வெடிக்கிறது. அவர் இன்னொரு ரிவால்வரை விற்பனைக்குப் போட்டிருக்கிறார். அதுவும் வெண்ணெய்தானாம்.