தென்னை வராத மேட்டு ஊருக்கு எந்தத் தென்னை? லெனேசியா, பீட்டர்மாரிட்ஸ்பர்க் தோட்டங்களுக்கான ஒப்பீடு

வாசலில் ஒரு தென்னை நிற்க வேண்டும், கல்யாணத் தோரணத்துக்கு நாலு ஓலை நம் வீட்டிலேயே கிடைக்க வேண்டும் என்ற ஆசை தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடலோரத்தில் ஓரளவு நிறைவேறும். அங்கே ஜூலை இரவுகூடச் சராசரியாக 11 டிகிரி அளவில்தான் இருக்கும். உள்ளே தள்ளி பீட்டர்மாரிட்ஸ்பர்க் போனால் கதை மாறுகிறது. ஊரே ஒரு பள்ளத்தில் கிடப்பதால் தாழ்வான தெருக்களில் உறைபனி விழும். ஜோஹன்னஸ்பர்க் 1,700 மீட்டர் உயரம். அதிலும் லெனேசியா பக்கத்துத் தாழ்நிலங்களில் இரவுக் குளிர்காற்று வழிந்து வந்து தேங்குவதால், மேட்டுப் பகுதிகளைவிட இன்னும் சில டிகிரி கீழே போகும்.

இந்த ஊர்களுக்குத் தென்னையின் சாயலில் நான்கு தேர்வுகள் உண்டு: தென்னையேதான் ஒன்று, மடகாஸ்கரின் பெக்காரியோஃபீனிக்ஸ் ஆல்ஃப்ரெடி, ஆண்டிஸ் மலையின் பராஜுபேயா, நம் நாட்டுக்கே உரிய பொண்டோலாந்துத் தென்னை. விதை விற்பவர்கள் எல்லாவற்றுக்கும் ‘இத்தனை மைனஸ் வரை தாங்கும்’ என்று ஓர் எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். அந்த எண்ணை மட்டும் நம்பி வாங்குவதுதான் பெரும்பாலான கன்றுகள் சாகக் காரணம். குளிர் எத்தனை மாதம் நீள்கிறது, அப்போது மண் ஈரமா காய்ச்சலா, பகலில் வெயில் உண்டா, கோடை இரவு எவ்வளவு சூடு என்ற நான்கும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன.

தென்னையை முதலில் முடித்துவிடலாம். ஜோஹன்னஸ்பர்க்கில் அது ஒரே ஓர் உறைபனி இரவில் சாவதாக நினைக்கிறார்கள். உறைபனியே படாமல் தாழ்வாரத்தில் வைத்தாலும் சாகும். மண் 15 டிகிரிக்குக் கீழே வாரக்கணக்கில் கிடந்தால் வேர் நீரையும் பொட்டாசியத்தையும் இழுப்பது ஏறக்குறைய நின்றுபோகிறது. தொட்டியில் காயோடு விற்கும் கன்று முதல் வருடம் செழிப்பாக இருப்பது காய்க்குள் இருக்கும் பருப்பின் தயவில்தான். அது தீர்ந்த பிறகு வரும் குளிர்காலத்தில் மட்டைகள் ஓரம் கருகி, குருத்து இறுகி நின்றுவிடும். டர்பனிலும் வடக்கு பார்த்த சுவர், மணல் கலந்த மண், பொட்டாசியம் மூன்றும் அமைந்தால்தான் மரம் பார்க்கும்படி இருக்கும். பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் அதற்கு மேலேயும் தென்னை வேண்டாம்.

ஆல்ஃப்ரெடிக்கு வருவோம். 2007-இல்தான் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார்கள். மடகாஸ்கரின் நடு மேட்டுநிலத்தில், 1,000 மீட்டரை ஒட்டிய உயரத்தில், ஆற்றோர வெண்மணலில் வளர்வது. தூரத்திலிருந்து பார்த்தால் தென்னை என்றே சொல்வீர்கள். மட்டையின் வளைவும் கீற்றின் தொங்கலும் அப்படியே. லேசான உறைபனியில், அதாவது மைனஸ் 2 அளவில், கீற்று கருகினாலும் குருத்து பிழைத்துக்கொள்ளும். அதைவிட முக்கியம், குளிர்ந்த மண்ணிலும் இதன் வேர் தென்னையைப் போல முடங்குவதில்லை. பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் டர்பனின் உள்மேடுகளுக்கும் இதற்கு இணை இல்லை என்பது எங்கள் முடிவு.

லெனேசியாவில் இது கடினம். மைனஸ் 4, மைனஸ் 5 என்று அடுத்தடுத்து மூன்று இரவு வந்தால் போர்வையில்லாத இளங்கன்று தாங்காது. கன்றின் முதல் இலைகள் கீற்றாகப் பிரியாமல் மீன்வால் போல இருக்கும். அந்தப் பருவம்தான் மிக நொய்வானது. கீற்று பிரிந்த இலை நாலைந்து வந்து, 20 லிட்டர் தொட்டியை வேர் நிறைத்த பிறகு தரையில் இறக்குங்கள்.

பராஜுபேயா பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஹைவெல்டுக்கு, அதாவது ஜோஹன்னஸ்பர்க் இருக்கும் மேட்டுநிலத்துக்கு, ஏற்ற மரம் இதுதான், அதை இங்கே மிகச் சிலரே வைத்துப் பார்க்கிறார்கள். இதில் மூன்று இனங்களைக் கவனிக்கலாம். கோகோய்டஸ் என்பது ஈக்வடாரின் கீட்டோ நகரத் தெருக்களில், 2,850 மீட்டர் உயரத்தில் நிற்பது. டொரால்யி பொலிவியாவின் உலர்ந்த மலைப் பள்ளத்தாக்குகளில் 2,400 முதல் 3,400 மீட்டர் வரை வளர்வது. உலகிலேயே மிக உயரத்தில் வளரும் பனைகளில் ஒன்று. சுங்காவும் பொலிவியாதான், ஆனால் சற்றுக் கீழே, 2,000 மீட்டரை ஒட்டி. அதன் மட்டையடி நாரில் அங்கே கயிறு திரிக்கிறார்கள்.

பொலிவியப் பள்ளத்தாக்கின் பருவத்தை ஜோஹன்னஸ்பர்க்கோடு பொருத்திப் பாருங்கள். மழை கோடையில், குளிர்காலம் வறண்டது, பகலில் நல்ல வெயில், இரவில் உறைபனி. இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. அதனால்தான் வேரூன்றிய டொரால்யி மைனஸ் 6 அளவிலான வறண்ட குளிரையும் தாங்குகிறது. கீட்டோவில் கடுங்குளிரும் இல்லை, கடுஞ்சூடும் இல்லை. ஆகவே கோகோய்டஸ் மைனஸ் 3-க்குக் கீழே தடுமாறும். லெனேசியாவுக்கு டொரால்யி, இடம் குறைவென்றால் சுங்கா.

இதே மரத்தை டர்பனுக்குக் கொண்டுபோனால் பழிவாங்கிவிடும். பிப்ரவரியின் புழுக்கமான இரவுகளில் வேர் அழுகத் தொடங்கும். மேலே பச்சையாக இருக்கும்போதே அடியில் எல்லாம் முடிந்திருக்கும். குளிர் தாங்கும் மரம் சூட்டையும் தாங்கும் என்று நினைக்க வேண்டாம்.

டொரால்யி விதையை முளைக்க வைப்பதுதான் பலரைக் கைவிட வைக்கிறது. ஓடு கல் போல இருக்கும். நான்கைந்து நாள் தினமும் தண்ணீர் மாற்றி ஊறவைத்து, பருமணலும் தென்னைநார்த் தூளும் சரிபாதி கலந்ததில் பாதி புதையும்படி வையுங்கள். மற்ற வெப்பமண்டலப் பனைகளுக்குச் செய்வது போல 30 டிகிரி சூட்டுப் பெட்டியில் வைத்தால் பூஞ்சணம்தான் வரும். பகலில் 25, இரவில் 12 என்று ஏறியிறங்கும் சூடே இதற்குப் பிடித்தது. மூன்று மாதத்திலும் வரும், ஒன்றரை வருடத்திலும் வரும், தூக்கியெறிந்துவிடாதீர்கள். ஆழமான தொட்டி வேண்டும், 35 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. ஆணிவேர் போல முதல் வேர் நேரே கீழிறங்கும், அது மடங்கினால் கன்று வருடக்கணக்கில் குன்றிப்போகும். வெளிநாட்டிலிருந்து விதை தருவிப்பதற்கு முன் வேளாண்மைத் துறையின் இறக்குமதி அனுமதி விதிகளைப் பார்த்துவிடுங்கள்.

பொண்டோலாந்துத் தென்னை, ஜுபேயாப்சிஸ் ஆஃப்ரா, உலகில் இரண்டே ஆற்றங்கரைகளில் இயற்கையாக வளர்வது: கிழக்குக் கேப்பின் ம்சிகாபா, ம்டெண்டு. காய் சிறிய எலுமிச்சை அளவுக்கு, உள்ளே பருப்பும் நடுவில் துளி இளநீரும். தனித்தண்டாக நிற்காமல் தூராக வளரும். உறைபனித் தாங்குதிறன் ஆல்ஃப்ரெடியை ஒட்டியதே, ஆனால் வளர்ச்சி அதைவிட மிக மெதுவு. காட்டிலிருந்து காயோ கன்றோ எடுப்பது சட்டப்படியும் தவறு, அந்த மரத்துக்குச் செய்யும் கேடும்கூட. நாற்றங்காலில் வளர்த்ததையே வாங்குங்கள். மணற்பாறை நிலத்துச் செடி என்பதால் சுண்ணாம்பும் மணிச்சத்து மிகுந்த 2:3:2 உரமும் (தழை, மணி, சாம்பல் சத்துகளின் விகிதம்) வேண்டாம். வேரைக் கலைக்காமல் தொட்டி மண்ணோடு இறக்குங்கள். நம் மண்ணின் மரம் என்பதற்காகவே பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஒன்று வைக்கத் தகும். சீக்கிரம் நிழல் வேண்டுவோருக்கு இது ஆகாது.

எதை வைத்தாலும் சோதனை முறை ஒன்றுதான். ஒரே இனத்தில் குறைந்தது இரண்டு கன்று வாங்கி, ஒன்றைத் தரையிலும் ஒன்றைத் தொட்டியிலும் வையுங்கள். நடும் காலம் செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் வரை. மார்ச்சில் நட்ட கன்று வேர் விடுவதற்குள் மே மாத உறைபனி வந்துவிடும். தென்கோளத்தில் குளிர்கால வெயில் வடக்கிலிருந்து விழுவதால் வடக்கு பார்த்த சுவர்தான் சூட்டைச் சேமித்து இரவில் விடும். ஆனால் லெனேசியாவின் பல பகுதிகள் தண்ணீரில் மெல்லக் கரையும் டோலமைட் பாறைமேல் இருப்பவை. அஸ்திவாரத்தை ஒட்டித் தண்ணீர் தேங்கினால் நிலம் உள்வாங்கும் ஆபத்து உண்டு. அங்கே சுவர் வெப்பத்தை மறந்து, வீட்டைவிட்டுத் தள்ளி, 30 சென்டிமீட்டர் மேடு கட்டி நடுங்கள்.

கன்று வளர்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. விரியாத குருத்துக்கும் பக்கத்து மட்டைக்கும் குறுக்கே மார்க்கர் பேனாவால் ஒரே கோடு போடுங்கள். வாரம் ஒருமுறை இரு கோடுகளுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து, கன்றின் உயரத்தில் தொங்கும் அதிகபட்ச-குறைந்தபட்ச வெப்பமானியின் அளவோடு குறித்துவையுங்கள். ஜூனில் கோடு நகராமல் நின்றால் பயமில்லை. அக்டோபரில் மண் சூடேறிய பிறகும் நகரவில்லை என்றால் குருத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள். கையோடு வந்து, அடி பழுப்பாகி நாறினால் அழுகல். அழுகியதைச் சுரண்டியெடுத்து, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி, நுரை அடங்கியதும் காப்பர் ஆக்சிகுளோரைடு கரைசலை ஒருமுறை விட்டு, மழை படாமல் மூடுங்கள். மேற்கொண்டு தண்ணீர் வேருக்கு மட்டும்.

உரம் 3:1:5, சதுர மீட்டருக்கு 30 கிராம், செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை மாதம் ஒருமுறை. அதற்குப் பிறகு போட்டால் குளிரில் இளந்தளிர் வந்து கருகும். உறைபனித் துணியை நான்கு குச்சி நட்டு இலையில் படாமல் கட்ட வேண்டும். பிளாஸ்டிக் பட்ட இடமெல்லாம் கருகும். காலை ஒன்பது மணிக்கு மேல் துணியைத் திறந்துவிடுங்கள். ஹைவெல்டின் வறண்ட குளிரில் இலை காய்வதும் உறைபனிக் கருகல் போலவே தெரியும். இரு வாரத்துக்கு ஒருமுறை, காலை பத்து மணிக்கு மேல், வேரளவில் தண்ணீர் விட்டால் அந்தக் காய்ச்சல் பாதியாகும்.

இதையெல்லாம் தவிர்க்க ‘குயின் பாம்’ என்ற பனையை வைத்துவிடலாமே என்பார்கள். குளிரை நன்றாகத் தாங்கும், மலிவு, வேகம். ஆனால் குவாசுலு-நேட்டாலில் அது ஆக்கிரமிப்புச் செடிப் பட்டியலில் உள்ளது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் புதிதாக நடக்கூடாது. தோரணத்துக்கு ஆல்ஃப்ரெடியிலிருந்து ஓலை எடுப்பவர்கள் விரிந்த அடிமட்டையில் மட்டும், வருடத்துக்கு ஒன்றிரண்டு எடுங்கள். இந்தப் பனைகளில் ஒரு தண்டுக்கு ஒரே குருத்துதான். குருத்தோலைக்காக அதை அடியோடு வெட்டினால் அந்தத் தண்டு அதோடு முடிந்தது.