ஆஃபீஸ் மென்பொருள்: சந்தா, ஒரே தடவை விலை, இலவசம் – எது யாருக்குக் கட்டுப்படியாகும்?

ஆஃபீஸ் மென்பொருள் தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது விலையைத்தான். அதைவிட முக்கியமான கேள்விகள் இரண்டு உண்டு. உங்கள் கோப்புகளை உங்களைத் தவிர வேறு யார் திறந்து திருத்துகிறார்கள்? காசு கட்டுவதை நிறுத்திய மறுநாள் அந்தக் கோப்புகளின் கதி என்ன? இவற்றுக்குப் பதில் தெரிந்துவிட்டால் மூன்றில் இரண்டு வழிகள் தாமாகவே கழன்றுகொள்ளும்.

ஒரே தடவை விலை: "ஆயுசுக்கும்" என்பது எத்தனை வருஷம்?

ஒரு தடவை வாங்கிவிட்டால் ஆயுசுக்கும் நம்முடையது என்பது பாதி உண்மை. மென்பொருள் ஓடிக்கொண்டே இருக்கும், பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது மட்டும் ஒரு நாள் நின்றுபோகும். அந்த நாள் பதிப்புக்குப் பதிப்பு நெருங்கி வந்துகொண்டிருக்கிறது. மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் 2010-க்குச் சுமார் பத்து ஆண்டு ஆதரவு கிடைத்தது. ஆஃபீஸ் 2019-க்கு ஏழே ஆண்டு. 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. ஆஃபீஸ் 2021-க்கு ஐந்து, 2026 அக்டோபர் 13 வரை. 2024 அக்டோபரில் வெளிவந்த ஆஃபீஸ் 2024-க்கும் ஐந்துதான், 2029 அக்டோபர் 9 வரை.

திருத்தம் வராவிட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஈக்வேஷன் எடிட்டர் நல்ல உதாரணம். வேர்டில் கணிதச் சமன்பாடு எழுதப் பயன்பட்ட அந்தச் சிறு நிரல் 2000-ஆம் ஆண்டிலிருந்து மாறாமலே உள்ளே கிடந்தது. அதில் இருந்த ஓட்டை 2017-இல்தான் வெளியே தெரிந்தது. மின்னஞ்சலில் வந்த ஆவணத்தைத் திறந்தாலே போதும், கணினி கைமாறிவிடும். மைக்ரோசாஃப்ட் முதலில் ஒட்டுப்போட்டது; 2018 ஜனவரியில் அந்த நிரலையே பிடுங்கி எறிந்தது. ஆதரவு முடிந்த பதிப்பு வைத்திருப்பவருக்கு இப்படி ஒட்டு வராது.

ஆகவே கணக்குப் போடும்போது விலையை நீங்கள் பயன்படுத்த நினைக்கும் ஆண்டுகளால் வகுக்காதீர்கள், ஆதரவு மீதமிருக்கும் ஆண்டுகளால் வகுங்கள். ஒரே தடவை விலை இரண்டு ஆண்டுச் சந்தாவுக்குச் சமம் என்று வைத்துக்கொள்வோம். பதிப்பு வெளிவந்த மாதமே வாங்கினால் ஐந்து ஆண்டு ஓடும். ஆண்டுக்கு ஆகும் செலவு சந்தாவில் ஐந்தில் இரண்டு பங்கு. அதே பெட்டியை ஆதரவு முடிய இரண்டே ஆண்டு இருக்கும்போது வாங்கினால் சந்தாவுக்கும் இதற்கும் காசில் வித்தியாசமே இல்லை. வெளிவந்த முதல் ஓர் ஆண்டுக்குள் வாங்காவிட்டால் இந்த வழியின் லாபம் வேகமாகக் கரைகிறது.

உரிமம் ஒரே ஒரு கணினிக்குத்தான். ஆஃபீஸ் 2024 ஹோம் பதிப்பில் வேர்ட், எக்செல், பவர்பாயிண்ட், ஒன்நோட் இருக்கும். அவுட்லுக் வேண்டுமென்றால் ஹோம் அண்ட் பிசினஸ் வாங்க வேண்டும். கணினியோடு சேர்ந்து வரும் ஓஇஎம் உரிமம் அந்தக் கணினியோடே போய்விடும், தனியாக வாங்கிய ரீடெயில் உரிமத்தை வேறு கணினிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

அடிமாட்டு விலைக்கு இணையத்தில் விற்கும் ஆக்டிவேஷன் கீகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றில் பல, நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுத்த வால்யூம் உரிமத்திலிருந்து கசிந்தவை. கேஎம்எஸ் என்ற சர்வர் வழியாக ஆக்டிவேட் ஆன மென்பொருள் 180 நாளுக்குள் அந்தச் சர்வரை மறுபடி தொட்டாக வேண்டும். வாங்கிய அன்று பச்சைக்கொடி காட்டிய ஆஃபீஸ் ஆறு மாதம் கழித்துச் சிவப்புப் பட்டை காட்டுவது இதனால்தான். அதற்குள் விற்றவர் கடையைக் காலிசெய்திருப்பார்.

ஒரே எக்செல், வேறு வேறு எக்செல்

ஒரே நிறுவனத்தின் மென்பொருள், கோப்பு வகையும் ஒன்றே, அப்படியிருக்க என்ன சிக்கல் வரும் என்று தோன்றும். சிக்கல் ஃபார்முலாக்களில் வரும். பட்டியலில் ஒன்றைத் தேடி அதற்குரிய மதிப்பை எடுத்துத் தரும் எக்ஸ்லுக்கப் ஃபார்முலா ஆஃபீஸ் 2019-இல் இல்லை, 2021-இல் உண்டு. டெக்ஸ்ட்ஸ்பிளிட், விஸ்டாக் ஃபார்முலாக்கள் இரண்டும் 2021-இல் இல்லை, 2024-இல் உண்டு. சந்தாக்காரரிடம் எல்லாம் இருக்கும்.

சந்தாக்காரர் எக்ஸ்லுக்கப் போட்டுச் செய்த தாளை 2019 வைத்திருப்பவருக்கு அனுப்புகிறார். திறந்தால் எண்கள் எல்லாம் சரியாகவே தெரியும். கடைசியாகக் கணக்கிட்ட விடையும் கோப்போடு சேமிக்கப்பட்டிருப்பதால் எக்செல் அதைக் காட்டிவிடுகிறது. அந்தக் கட்டத்தில் எஃப்2 அழுத்தி என்டர் தட்டினால், அல்லது அது நம்பியிருக்கும் வேறொரு எண்ணை மாற்றினால், "நேம்" பிழை வந்து நிற்கும். மேலே ஃபார்முலா பட்டையைப் பார்த்தால் எக்ஸ்லுக்கப்புக்கு முன்னால் எக்ஸ்எல்எஃப்என் என்ற எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருக்கும். திறந்ததும் நன்றாகத் தெரிந்ததே, நாம்தான் கெடுத்துவிட்டோமோ என்று அவர் தேடிக்கொண்டிருப்பார். பலர் கைக்குப் போகும் தாளில் அதே வேலையைச் செய்யும் பழைய இன்டெக்ஸ்–மேட்ச் ஜோடியே உத்தமம்; அது எல்லாப் பதிப்பிலும், இலவச மென்பொருளான லிப்ரே ஆஃபீஸிலும் ஓடும்.

சந்தா: வாங்குவது எதை?

ஆஃபீஸின் சந்தா வடிவத்துக்குப் பெயர் மைக்ரோசாஃப்ட் 365. அதில் பெர்சனல் ஒருவருக்கு, ஃபேமிலி ஆறு பேர் வரை. ஒவ்வொருவருக்கும் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவில் 1 டிபி இடம். ஒரே நேரத்தில் ஐந்து கருவிகளில் உள்நுழைந்திருக்கலாம். நான்கைந்து பேர் பங்குபோட்டு, படங்களையும் ஆவணங்களையும் அங்கேயே சேமிக்கிறார்கள் என்றால் இதை வேறு எதுவும் விலையில் அடிக்க முடியாது. உண்மையில் அவர்கள் வாங்குவது சேமிப்பிடம், ஆஃபீஸ் கொசுறு. ஒற்றை ஆள், மொத்தம் 3 ஜிபி கோப்பு, மாதம் இரண்டு கடிதம் என்றால் சந்தா என்பது ஒரு பெட்டியைத் தூக்க லாரி பிடிப்பது.

பெர்சனல், ஃபேமிலி உரிமங்கள் வணிகப் பயன்பாட்டுக்கு அல்ல. தொழிலுக்கென்றால் பிசினஸ் திட்டம் வேண்டும். எந்தச் சந்தாவானாலும் மாதம் ஒரு முறையாவது இணையத்தில் இணைந்து உரிமத்தைச் சரிபார்க்க வேண்டும். இணையமே இல்லாத இடத்தில் ஓடும் கணினிக்கு இது ஒத்துவராது, அங்கே ஒரே தடவை உரிமமோ லிப்ரே ஆஃபீஸோதான்.

விலையும் உங்கள் கையில் இல்லை. 2025 தொடக்கத்தில் கோபைலட் என்ற செயற்கை நுண்ணறிவு உதவியாளரைச் சேர்த்துப் பெர்சனல், ஃபேமிலி கட்டணங்களை மைக்ரோசாஃப்ட் உயர்த்தியது. கோபைலட் இல்லாத பழைய விலைக்கு 'கிளாசிக்' என்றொரு திட்டமும் இருந்தது. பழைய சந்தாதாரர்களுக்கு அதைச் சரியாகச் சொல்லவில்லை, ரத்துசெய்யப் போனால்தான் கண்ணில் படுகிறது என்று ஆஸ்திரேலியாவின் போட்டி, நுகர்வோர் ஆணையம் 2025 அக்டோபரில் வழக்குத் தொடர்ந்தது. உயர்த்திய கட்டணத்தைக் கட்டுவதற்கு முன் ரத்துப் பக்கம் வரை ஒரு நடை போய்ப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

சந்தாவை நிறுத்தும் நாள்

சந்தா முடிந்ததும் வேர்டும் எக்செல்லும் காணாமல் போகாது. ஆவணத்தைத் திறக்கலாம், அச்சிடலாம். திருத்தவோ புதிதாகத் தொடங்கவோ முடியாது. இதைப் பலரும் எதிர்பார்த்திருப்பார்கள். எதிர்பாராத அடி ஒன்டிரைவில் விழும். 1 டிபி இடம் 5 ஜிபி ஆகச் சுருங்கும். அதற்கு மேல் வைத்திருந்தால் புதிதாக எதையும் ஏற்ற முடியாது. அவுட்லுக் முகவரிக்கு மின்னஞ்சல் வருவதும் போவதும்கூட நின்றுபோகலாம். ஆறு மாதத்துக்கு மேல் அப்படியே விட்டால் கோப்புகளை அழிக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு.

ஆகவே நிறுத்துவதற்கு இரண்டு வாரம் முன்பே வேலையைத் தொடங்குங்கள். ஃபைல் எக்ஸ்புளோரரில் கோப்புக்குப் பக்கத்தில் மேக அடையாளம் இருந்தால் அது உங்கள் வட்டில் இல்லை, பெயர் மட்டும்தான் இருக்கிறது. ஒன்டிரைவ் ஃபோல்டரின் மேல் வலது கிளிக் செய்து 'எப்போதும் இந்தக் கருவியில் வை' என்ற தேர்வைச் சொடுக்குங்கள். எல்லாவற்றிலும் நிரம்பிய பச்சை டிக் வரும்வரை காத்திருங்கள். பெரிய தொகுப்பு என்றால் நாள்கணக்கில் ஆகும். பிறகு ஒன்டிரைவுக்கு வெளியே இன்னொரு வட்டில் நகலெடுங்கள். 'கட்' செய்து ஒட்டாதீர்கள், மேகத்திலும் அழிந்துவிடும். நகலைத் திறந்து சோதித்த பிறகே டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் பேக்கப்பை ஒன்டிரைவ் செட்டிங்ஸில் நிறுத்துங்கள். அதை நிறுத்தியதும் டெஸ்க்டாப் வெறிச்சோடிப் போனதுபோல் தெரிந்தால் பதற வேண்டாம். கோப்புகள் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இருக்கும் டெஸ்க்டாப் ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கும்.

இலவசம்: காசு இல்லை, வேலை உண்டு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ஓப்பன் ஆஃபீஸ் வேறு, லிப்ரே ஆஃபீஸ் வேறு. 2010-இல் ஓப்பன் ஆஃபீஸிலிருந்து பிரிந்ததுதான் லிப்ரே ஆஃபீஸ். இன்று உயிரோட்டமாக வளர்வது அதுவே. இன்று அப்பாச்சி ஓப்பன் ஆஃபீஸ் என்ற பெயரில் கிடைக்கும் பழையது, வேர்டின் டாக்எக்ஸ் கோப்பைத் திறக்கும். அந்த வடிவில் சேமிக்கத் தெரியாது. பழைய பெயர் நினைவில் இருப்பதால் அதைத் தரவிறக்கிவிட்டு "இலவசம் என்றாலே இப்படித்தான்" என்று அலுத்துக்கொள்பவர்கள் ஏராளம்.

லிப்ரே ஆஃபீஸில் முதலில் இடறுவது எழுத்துரு. வேர்டின் பழைய காலிப்ரிக்கு ஈடாக அதே அகலமுள்ள கார்லிட்டோவையும், ஏரியல், டைம்ஸ் நியூ ரோமனுக்கு ஈடாக லிபரேஷன் எழுத்துருக்களையும் அது கூடவே கொண்டுவருகிறது. அகலம் ஒன்றாக இருப்பதால் வரி உடையும் இடம் மாறுவதில்லை, பக்கமும் நகர்வதில்லை. 2023 முதல் வேர்டின் இயல்பு எழுத்துரு ஆப்டோஸ். அதற்கு அப்படி ஒரு ஜோடி கூட வருவதில்லை. கணினி வேறேதோ எழுத்துருவைப் போட்டு நிரப்பும். ஒவ்வொரு பத்தியிலும் ஓரிரு சொல் கீழே தள்ளப்பட்டு, கையெழுத்து இடும் வரி மட்டும் தனியாக அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடும். மென்பொருளைத் திட்டிப் பயனில்லை. பொது டெம்ப்ளேட்டில் காலிப்ரியோ ஏரியலோ வைத்துக்கொள்வது என்று இரு தரப்பும் பேசி முடிவெடுத்தால் முக்கால்வாசிப் பிரச்சினை தீரும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இன்னொரு படி இருக்கிறது. லதா, நிர்மலா யூஐ இரண்டும் விண்டோஸுக்கான எழுத்துருக்கள், லினக்ஸில் இருக்காது. இரண்டு பக்கமும் நோட்டோ சான்ஸ் தமிழ் போட்டுக்கொள்வது நல்லது, அது இலவசம். லிப்ரே ஆஃபீஸ் தமிழைச் சிடிஎல் (சிக்கலான எழுத்தமைப்பு) என்ற தனி வகையில் வைக்கிறது. டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லாங்குவேஜ் வழியாகப் போய் அதை இயக்கிவிட்டு, ஸ்டைலில் மேற்கத்திய எழுத்துரு, சிடிஎல் எழுத்துரு இரண்டையும் தனித்தனியே அமையுங்கள். மேற்கத்தியப் பகுதியில் மட்டும் அளவை மாற்றிவிட்டு, தமிழ் ஏன் மாறவே இல்லை என்று மண்டையை உடைத்துக்கொள்வது வழக்கமாக நடப்பது.

மேக்ரோதான் பெரிய சுவர். திரும்பத் திரும்பச் செய்யும் வேலைகளைத் தானாக முடிக்க ஆஃபீஸுக்குள் விபிஏ மொழியில் எழுதும் சிறு நிரல்களே மேக்ரோக்கள். அவற்றில் எளியவை ஓரளவு லிப்ரே ஆஃபீஸில் ஓடும். படிவங்கள், ஆக்டிவ்எக்ஸ் பொத்தான்கள், அவுட்லுக்கை அழைக்கும் வரிகள் வந்தால் படுத்துவிடும். எக்செல்லின் இலவச இணையப் பதிப்பிலும் விபிஏ ஓடாது, கூகுள் ஷீட்ஸிலும் ஓடாது. தினசரி வேலை மேக்ரோவில் நிற்கிறதென்றால் இலவசத்தைப் பற்றி யோசிப்பது வீண்.

கூகுள் டாக்ஸ், சேர்ந்து எழுதுவதற்கு இன்றும் முதலிடம். ஜிமெயில், டிரைவ், ஃபோட்டோஸ் எல்லாம் சேர்த்து 15 ஜிபி. 2021 ஜூன் முதல் புதிய டாக்ஸ், ஷீட்ஸ் கோப்புகளும் அதில் கணக்காகின்றன. கணினியில் தெரியும் கூகுள் டாக்ஸ் கோப்பு வெறும் சுட்டி. அதைப் பென்டிரைவில் நகலெடுத்து வைத்தால் உள்ளே எழுத்து ஒன்றுகூட இருக்காது. கூகுளின் தரவு ஏற்றுமதிச் சேவையான டேக்அவுட் வழியாகவோ தரவிறக்கியோ டாக்எக்ஸ் ஆக மாற்றினால்தான் அது பேக்கப். ஒன்லி ஆஃபீஸ் என்ற இன்னொரு இலவசத் தொகுப்பு தோற்றத்திலும் கோப்பு வடிவத்திலும் மைக்ரோசாஃப்டுக்கு நெருக்கம். மெனு மாறினாலே தடுமாறுபவர்களுக்கு லிப்ரே ஆஃபீஸைவிட அது எளிது. டபிள்யூபிஎஸ் என்ற வேறொரு தொகுப்பின் இலவசப் பதிப்பில் விளம்பரம் வரலாம்.

முடிவெடுக்கும் முன் பத்துக் கோப்புச் சோதனை

உங்களிடம் இருப்பதிலேயே கடினமான பத்துக் கோப்புகளை எடுங்கள்: உள்ளடக்கப் பட்டியலும் அடிக்குறிப்பும் உள்ள நீண்ட அறிக்கை, டிராக் சேஞ்சஸ் (திருத்தத் தடங்கள்) நிறைந்த ஒப்பந்தம், பிவட் (தொகுப்பு அட்டவணை) உள்ள எக்செல், அனிமேஷன் உள்ள ஸ்லைடுகள். இலவச மென்பொருளில் திறந்து, ஒரு வரி திருத்தி, அதே வடிவில் வேறு பெயரில் சேமித்து, மறுபடி வேர்டிலோ எக்செல்லிலோ திறந்து பாருங்கள். போகிற வழியைவிடத் திரும்பி வருகிற வழியில்தான் விஷயங்கள் தொலையும். பக்க எண்ணிக்கை, திருத்தியவர் பெயர், கருத்துகள், கூட்டுத்தொகை, கண்டிஷனல் ஃபார்மட் நிறங்கள் ஆகியவற்றை ஒப்பிடுங்கள். எட்டுக் கோப்பு தேறினால் இலவசமே போதும். மீதி இரண்டையும் பிடிஎஃப் ஆக அனுப்ப முடியுமா, எளிமையாக்க முடியுமா என்று பாருங்கள். மேக்ரோவும், வெளித் தரவை இழுத்துச் சீர்செய்யும் பவர் குவெரியும் உள்ள தாள்களே தோற்றால் காசு செலவழிக்கத் தயாராகுங்கள்.

பத்துப் பேர் இருக்கும் அலுவலகத்தில் பத்துப் பேருக்கும் ஒரே உரிமம் வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. எக்செல்லோடு மல்லுக்கட்டும் இருவருக்குச் சந்தா, மற்றவர்களுக்கு லிப்ரே ஆஃபீஸ் என்று பிரிக்கலாம். அப்படிப் பிரித்தால் முதல் நாளே எல்லாக் கணினியிலும் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லோட்/சேவ், ஜெனரல் என்று போய், இயல்பாகச் சேமிக்கும் வடிவத்தை டாக்எக்ஸ், எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என மாற்றிவிடுங்கள். ஒரே ஆவணம் லிப்ரே ஆஃபீஸின் இயல்பு வடிவமான ஓடிடிக்கும் டாக்எக்ஸுக்கும் மாறி மாறிப் போனால் ஒவ்வொரு மாற்றத்திலும் வடிவமைப்பு கொஞ்சம் உதிரும். எட்டாவது திருத்தத்தில் அட்டவணை ஏன் இப்படிக் கோணிக்கொண்டது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.