சுண்ணாம்பாறு படகு குழாம்: காலையிலேயே போய்விடுங்கள்

புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் சுமார் 8 கிலோமீட்டர். கடலூர் பஸ்ஸில் ஏறி நோணாங்குப்பத்தில் இறங்கினால் போதும், தனியாக ஆட்டோ பிடிக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நெரியும், வார நாள் காலைதான் என் சிபாரிசு. இங்கிருந்து பாரடைஸ் பீச்சுக்குப் படகில் போகிற அந்த வழிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது: கரையோரப் பச்சை மெல்ல விலகி, ஆறு அகலமாகி, காற்றில் உப்பு வாடை ஏறி, மணல்திட்டுக்கு அந்தப் பக்கம் கடல் இரைவது படகிலிருந்தே காதில் விழும். அங்கே நிழல் குறைவு, தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். அலை நன்றாக இழுக்கும், பிள்ளைகளைக் கணுக்காலுக்கு மேல் இறங்க விடாதீர்கள். அப்புறம், திரும்ப வரும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று டிக்கெட் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.